ஏலம் கேட்ட வெள்ளைக் கையுறை

ஆர்டெல்லாவின் இடது கை எப்போதும் முதுகுக்குப் பின்னால்தான் இருக்கும். பேசுவதெல்லாம் வலது கைதான். ஞாயிற்றுக்கிழமை நியூ கேலிலி சபையின் வாசலில், வெள்ளை உடுப்பும் வெள்ளைக் கையுறையுமாக அவள் வந்து நின்றுவிட்டால், உள்ளே பாஸ்டருக்கு இருக்கும் அதிகாரத்தைவிட ஒரு படி கூடுதலான அதிகாரம் அவளுக்கு வந்துவிடும். அவள் விரலை மடக்கினால் முன்வரிசையில் இடம் இருக்கிறது என்று அர்த்தம். உள்ளங்கையைக் காட்டினால், ஜெபம் நடக்கிறது, அங்கேயே நில். நெஞ்சில் கை வைத்தால், யாரோ மயங்கிவிட்டார்கள், விசிறி கொண்டு ஓடு. பாடல் உச்சத்துக்குப் போகும்போது சபையே எழுந்து கைகளை உயர்த்தும். பெண்கள் அழுவார்கள், பெரிய மனிதர்கள் சின்னப் பையன்கள் மாதிரி குதிப்பார்கள். ஆர்டெல்லா மட்டும் தூண் மாதிரி நிற்பாள். வாசலில் நிற்பவளும் பரவசப்பட்டுவிட்டால் விழுகிறவர்களைத் தாங்குவது யார்?

“எனக்குள்ள ஒண்ணும் பொங்கலன்னு நினைக்காதீங்க,” என்பாள். “நான் டியூட்டியில இருக்கேன்.”

முப்பது வருஷத்துக்கு மேல் அந்தக் கைகள் ஒரு தடவைகூட மேலே போனதில்லை. போன அந்த ஒரே நாளைப் பற்றித்தான் சிகாகோவின் மேற்குப் பக்கம் முழுக்க இன்னும் சொல்லிச் சொல்லிச் சிரிக்கிறார்கள்.

அவள் அப்பா எஸ்ரா, இறைச்சிக் கிடங்கில் மூட்டை தூக்கியவர். கறுப்பர்களுக்கு எந்த வங்கியும் வீட்டுக்கடன் கொடுக்காத காலம் அது. எங்கள் தெருக்களைச் சுற்றி வரைபடத்தில் சிவப்புக் கோடு போட்டு, இதற்குள்ளே காசு போகக்கூடாது என்று முடிவு செய்துவிட்டார்கள். அதனால் எஸ்ரா தவணை ஒப்பந்தத்தில் வீடு வாங்கினார். கடைசித் தவணை கட்டும்வரை வீடு விற்றவன் பேரிலேயே இருக்கும். ஒரு மாதம் தவறினால் கட்டியதெல்லாம் அவனுக்கே. பதினோரு வருஷம் கட்டினார். கிடங்கில் கையில் அடிபட்டு ஒரு மாதம் சம்பளம் நின்றது. அவ்வளவுதான், சோபாவும் கட்டிலும் அடுப்பும் நடைபாதைக்கு வந்துவிட்டன. யாரும் தூக்கிக்கொண்டு போய்விடக் கூடாது என்று ஒன்பது வயது ஆர்டெல்லா அந்தச் சோபாவில் ஏறி உட்கார்ந்துகொண்டாள். பக்கத்தில் தம்பி ஒடெல். இருட்டும்வரை இரண்டு பேரும் எழுந்திருக்கவில்லை.

எஸ்ரா ஒப்பந்தம் போட்ட அதே வருஷம் ஊரின் மறுபக்கத்தில் அதே மாதிரி வீட்டை வங்கிக் கடனில் வாங்கிய வெள்ளைக்காரர்கள், அதைப் பிள்ளைகளுக்கு எழுதிவைத்தார்கள். பிள்ளைகள் அந்த வீட்டைக் காட்டிக் கடன் வாங்கிக் கல்லூரிக்குப் போனார்கள், தொழில் வைத்தார்கள். எங்கள் பக்கத்தில் பிள்ளைகளுக்குச் சொத்தாக வந்தது நடைபாதைச் சோபாவின் கதை. இதை எத்தனை தடவை சொன்னாலும் வயிறு எரியத்தான் செய்கிறது.

ஆர்டெல்லா வளர்ந்து நகரப் பேருந்து ஓட்டுநர் ஆனாள். கல்யாணம் ஒன்று நடந்து, முடிந்தும்போனது. அதைப் பற்றிப் பேச அவளுக்கு நேரமில்லை. அவள் ஓய்வுபெறுவதற்குக் கொஞ்ச காலம் முன்பு பதினாறாம் தெரு சூப்பர் மார்க்கெட்டை மூடினார்கள். லாபம் வந்துகொண்டுதான் இருந்தது. வேறு இடத்தில் இன்னும் அதிகம் வருமாம். அன்றிலிருந்து ஒரு நல்ல தக்காளிக்கு இரண்டு பஸ் மாற வேண்டியதாயிற்று. அதில் ஒரு பஸ்ஸை ஓட்டியது ஆர்டெல்லா. கையில் ஆறு பையும் காலில் வீக்கமுமாக ஏறுகிறவர்களைத் தினமும் கண்ணாடியில் பார்த்துப் பார்த்து அவளுக்கு ரத்தம் கொதித்தது.

அப்போதுதான் மார்க்வீட்டா அந்தப் பேச்சை எடுத்தாள். வருமான வரிக் கணக்கு எழுதிக் கொடுக்கும் சின்னக் கடை வைத்திருப்பவள், நாற்பது வயது, சொல்வதை நிறுத்தி நிதானமாகச் சொல்வாள்.

“யாராவது வந்து கடை திறப்பாங்கன்னு எதுக்குக் காத்திருக்கணும்? ஒரு கூட்டுறவு ஆரம்பிச்சு அந்தக் கட்டடத்தை நாமளே வாங்கலாம். ஒரு பங்கு நூறு டாலர். நடுவுல மளிகைக் கடை. ரெண்டு பக்கமும் சலூன், லாண்டரி, என்னோட கடை. வாடகை எல்லாம் நமக்கே வரும்.”

சபையின் கீழ்த்தளத்தில் கூடியிருந்தவர்கள் சிரித்தார்கள். ஆர்டெல்லா சிரிக்கவில்லை. மறுநாளே வீடு வீடாகப் போக ஆரம்பித்தாள். இரண்டு வருஷம் போனாள். நாய் துரத்தியது, கதவு சாத்தினார்கள், தூங்குவது மாதிரி நடித்தார்கள். இருந்தும் நூறு நூறாகச் சேர்ந்தது. சிலர் மாதம் பத்து டாலராகக் கட்டினார்கள். நடுவில் ஒரு பல் டாக்டர் வந்து ஐம்பதாயிரத்தை மொத்தமாகப் போடுகிறேன் என்றார். கூட்டமே கை தட்டியது. ஆர்டெல்லா எழுந்தாள்.

“வேணாம் டாக்டர். ஒருத்தர் கைக்குப் பாதி போயிட்டா, நாளைக்கு அவர் முதலாளி, நாங்க மறுபடி வாடகைக்காரங்க. அந்த முதலாளியை எங்கப்பா பார்த்தாச்சு. ஒரு ஆளுக்கு இருபது பங்குக்கு மேல கிடையாது. யாரா இருந்தாலும் சரி.”

விதி நிறைவேறியது. டாக்டர் முகம் சுளித்தபடி இருபது வாங்கினார். ஆர்டெல்லாவும் சேமிப்பை வழித்தெடுத்து இருபது வாங்கினாள்.

வாங்காதவன் ஒடெல். சபை வேனை ஓட்டுவான், எல்லோருக்கும் ஓடி ஓடி உதவுவான், காசு என்றால் மட்டும் கை பைக்குள் போகாது. “நம்மகிட்ட காசு வாங்கிட்டுப் போனவன் எல்லாம் நல்லாத்தான் பேசினான், ஆர்டி. நீயும் நல்லாத்தான் பேசுற.”

“நான் உன் அக்காடா!”

“அதனாலதான் மரியாதையா சொல்றேன்.”

கடைசியில் அந்தக் கட்டடம் ஏலத்துக்கு வந்தது. பங்குப் பணமும் கடன் சங்கம் தருவதாகச் சொன்ன கடனும் சேர்ந்து சரியாக நான்கு லட்சம் டாலர். அதற்கு மேல் ஒரு டாலர்கூட இல்லை. போட்டிக்கு ஒரு கம்பெனி இருந்தது. வசதியானவர்கள் வீட்டில் இடமில்லாமல் தவிக்கும் பழைய சாமான்களைப் போட்டுப் பூட்டிவைக்கக் கிடங்கு கட்டுகிற கம்பெனி. எங்களுக்குத் தக்காளி இல்லாத இடத்தில் அவர்களுடைய பழைய சோபாக்கள் வந்து தூங்கப் போகின்றன என்று கேள்விப்பட்டதும் ஆர்டெல்லா அன்றைக்கே சபை உடுப்பை எடுத்து இஸ்திரி போட்டுவைத்தாள்.

வெள்ளிக்கிழமை காலை ஒடெலின் வேன் நிறைந்து புறப்பட்டது. ஆர்டெல்லா முழு உடுப்பில், கையுறை உட்பட. “அந்த டிரெஸ்ல இருந்தாத்தான் என் கை என் பேச்சைக் கேக்கும்,” என்றாள். பிறகு முன் இருக்கையிலிருந்து திரும்பி எல்லோரையும் ஒரு பார்வை பார்த்தாள்.

“நல்லாக் கேட்டுக்குங்க. இது ஆராதனை இல்ல, ஏலம். அங்க கை தூக்கினா காசு. யாரும் ஆமென் சொல்லக் கூடாது, யாரும் எழுந்திரிக்கக் கூடாது. கை மடியிலயே இருக்கணும். மூக்கு அரிச்சா அரிக்கட்டும்.”

“எனக்கு மூக்கு இப்பவே அரிக்குது,” என்றான் ஒடெல்.

ஒடெலின் கைகள் உலகப் பிரசித்தம். பேஸ்பால் பார்க்கும்போதுகூட அல்லேலூயா சொல்லி இரண்டையும் உயர்த்துகிறவன். அதனால், ஜெயித்தால் வெட்டுவதற்காக, கூட வந்த சபைக்காரி லுவீனியா சுட்டுக்கொண்டு வந்த பெரிய கேக் தட்டை, கூடத்தில் போய் உட்கார்ந்ததும் ஆர்டெல்லா அவன் மடியில் வைத்து, இரண்டு பக்கமும் பிடித்துக்கொள்ளச் சொன்னாள். “கீழ போட்டேன்னு வை, லுவீனியா உன்னை உரிச்சிடுவா.”

ஏலக் கூடத்தில் மார்க்வீட்டா முதல் வரிசையில் உட்கார்ந்தாள். அவள் முன்யோசனைக்காரி. தன் தொண்டை அடைத்துப்போனால் கேட்பதற்கு இன்னொரு ஆள் வேண்டும் என்று ஆர்டெல்லாவுக்கும் ஒரு எண் அட்டை வாங்கியிருந்தாள். ஆர்டெல்லாவுக்கு உட்கார்ந்து பழக்கமில்லை. கடைசி வரிசைக்கும் பின்னால், கதவோரம் போய் நின்றுகொண்டாள். இடது கை முதுகில், வலது கையில் அட்டை.

ஏலம் சூடுபிடித்தது. இரண்டு லட்சத்தில் ஐந்தாறு பேர் இருந்தார்கள். மூன்றில் மார்க்வீட்டாவும், கிடங்குக் கம்பெனியிலிருந்து வந்த கோட்டுக்கார இளைஞனும் மட்டும் மிஞ்சினார்கள். பத்தாயிரம் பத்தாயிரமாக ஏறியது. அவன் ஒரு காதில் போனை வைத்துக்கொண்டே கேட்டான். மூன்று லட்சத்துத் தொண்ணூறாயிரம், அவன். மார்க்வீட்டா அட்டையைத் தூக்கினாள். நான்கு லட்சம்! அதோடு எல்லை முடிந்தது. எங்கள் ஆட்கள் கைகளை மடியில் அழுத்திக்கொண்டார்கள். ஒடெலின் விரல்கள் கேக்குக்குள் புதைந்தே விட்டன. கோட்டுக்காரன் போனில் ஏதோ முணுமுணுத்தான், தலையை ஆட்டினான், தரையைப் பார்த்தான்.

“நாலு லட்சம், ஒரு தரம்!”

ஆர்டெல்லாவுக்கு நடைபாதைச் சோபாவின் சொரசொரப்பான துணி தொடையில் உறுத்துவதுபோல் இருந்தது.

“நாலு லட்சம், ரெண்டு தரம்!”

அப்பா, என்று நினைத்தாள். அப்பா, வாங்கிட்டோம். நினைத்த மாத்திரத்தில் உள்ளேயிருந்து என்னவோ கிளம்பியது. வருஷக்கணக்காக வாசலில் நின்று அடக்கியதெல்லாம் ஒன்றாகச் சேர்ந்து கிளம்பியது. வலது கை, வெள்ளைக் கையுறையோடும் எண் அட்டையோடும், கூரையைப் பார்த்து எழுந்தது.

“நாலு லட்சத்துப் பத்தாயிரம்!” என்று கத்தினார் ஏலக்காரர். “பின்னால, கதவுகிட்ட, வெள்ளை டிரெஸ் அம்மா! புது ஆள்! ஒரு தரம், ரெண்டு தரம்...”

ஆர்டெல்லா வாயைத் திறந்தாள். கை இன்னும் மேலேயே நின்றது. கோட்டுக்காரன் திரும்பி அவளை மேலும் கீழும் பார்த்தான், போனை அணைத்தான்.

“மூணு தரம்!” சுத்தியல் இறங்கியது.

எங்கள் வரிசையில் எல்லாத் தலையும் ஒரே நேரத்தில் ஒடெல் பக்கம் திரும்பின.

“நான் இல்ல!” என்று அலறினான் ஒடெல். “என் ரெண்டு கையும் கேக்குல இருக்கு!”

ஆர்டெல்லா முன்னால் ஓடினாள். “ஐயா, நான் ஏலம் கேக்கல. கர்த்தருக்கு ஸ்தோத்திரம் சொன்னேன்.”

“அம்மா, அட்டையோட ஸ்தோத்திரம் சொன்னா இங்க அதுக்கு ஏலம்னுதான் பேரு,” என்றார் ஏலக்காரர், கொஞ்சம் பாவப்பட்டு. பாவப்பட்டாலும் விதி விதிதான். இரண்டு அட்டையும் ஒரே கூட்டுறவின் பேரில் இருப்பதால் வாங்கியது கூட்டுறவுதான். மாலை ஐந்து மணிக்குள் முழு விலைக்கும் பணம் இருப்பதைக் காட்ட வேண்டும். காட்டாவிட்டால் கட்டிய முன்பணமும் போய்விடும், கட்டடம் கிடங்குக் கம்பெனிக்குப் போய்விடும்.

வெளியே போகும் வழியில் கோட்டுக்காரன் நின்றான். “ஒண்ணு சொல்லட்டுமா? இன்னும் ஒரு ஏத்தம் ஏத்தலாம்னு எங்க மேலிடம் அப்பத்தான் சொல்லுச்சு. வாயைத் திறக்கறதுக்குள்ள நீங்க கையைத் தூக்கிட்டீங்க. உங்களுக்குப் பின்னால எவ்வளவு காசு இருக்கோன்னு விட்டுட்டேன்.”

“கேட்டியா, ஆர்டி! நீ தூக்கலன்னா அவன் தூக்கியிருப்பான்!” என்றான் ஒடெல். ஆர்டெல்லாவின் காதில் அது ஏறவே இல்லை. பத்தாயிரம் டாலர், பத்தாயிரம் டாலர் என்று மட்டும் ஓடிக்கொண்டிருந்தது.

வேனில் கொஞ்ச தூரம் போனதும் அவளே பேசினாள். “மார்க்வீட்டா, என் வீட்டுக் கூரை மாத்த வெச்சிருக்கிற காசு இருக்கு. சாவுக்குப் போட்ட இன்சூரன்ஸ் இருக்கு. முழுசையும் நானே கட்டிடறேன். என் தப்பு, என் காசு.”

“முடியாது, மிஸ் ஆர்டெல்லா.”

“ஏன் முடியாது?”

“உங்க இருபது பங்கும் முடிஞ்சுபோச்சு. அந்த விதியைப் போட்டது யாரு?”

ஆர்டெல்லா முகத்தைப் பொத்திக்கொண்டாள். “எங்கப்பா வீடு ஒரு தவணையில போச்சு. இது என் ஒரு கையில போகுதே!” சபை வாசலில் எத்தனையோ பேருக்குக் கைக்குட்டை நீட்டியவள் தேம்பித் தேம்பி அழுதாள். ஒடெல் கண்ணாடியில் அக்காவைப் பார்த்தான், கண்ணைத் தாழ்த்திக்கொண்டான்.

பதினாறாம் தெரு திரும்பியபோது, பூட்டிக் கிடந்த சூப்பர் மார்க்கெட்டின் பெரிய வெற்று வாகன நிறுத்தம் தெரிந்தது. ஆர்டெல்லா மூக்கைச் சிந்தினாள். கையுறையை விரல் விரலாக இழுத்துச் சரிசெய்தாள்.

“ஒடெல், உள்ள விடு வண்டியை. மார்க்வீட்டா, எல்லாருக்கும் போன் போடு. சுத்துக் காணிக்கை எடுக்கப் போறோம்.”

எங்கள் சபைகளில் பெரிய தேவை வரும்போது தட்டு வரிசை வரிசையாக வராது. மேசை முன்னால் இருக்கும். பாட்டுக்குத் தகுந்தபடி ஆடி அசைந்து, கடைசி வரிசையிலிருந்து எல்லோரும் எழுந்து சுற்றி வந்து போடுவார்கள். யார் போட்டார்கள், யார் போடவில்லை என்பது ஊருக்கே தெரிந்துவிடும். அதுதான் அதில் உள்ள சூட்சுமம்.

“வேலை நாள்ல, மத்தியானத்துல யாரு வருவா?” என்றான் ஒடெல்.

வந்தார்கள். முதலில் நர்ஸ் உடுப்போடு இரண்டு பெண்கள். பிறகு சலூன்காரர், பாதி மழித்த தாடியோடு அவருடைய வாடிக்கையாளர். பிறகு பள்ளிக்கூடச் சமையல்கூடமே கிளம்பி வந்தது. மார்க்வீட்டா வேனின் முன்பக்கத்தையே மேசையாக்கி ரசீது எழுதத் தொடங்கினாள். லுவீனியா விரல் பதிந்த கேக்கைத் துண்டு போட்டு விநியோகித்தாள். காலியான தட்டு காணிக்கைத் தட்டாயிற்று.

ஆர்டெல்லா எல்லோர் முன்னாலும் நின்றாள். “ஒளிச்சு மறைக்க ஒண்ணும் இல்ல. கை என்னோடது, தப்பு என்னோடது. ரெண்டு வருஷமா உங்க கதவைத் தட்டினேன். இன்னிக்கு மறுபடி கேக்கறேன். இது காணிக்கை இல்ல, பங்கு. போட்டவங்களுக்கு அவங்க பேர்ல காகிதம் கிடைக்கும்.”

முன்னால் நின்ற சபையின் கிழ டீக்கன் தொண்டையைச் செருமினார். “முப்பது வருஷமா அந்தக் கை கீழயே இருந்துச்சு, சிஸ்டர். ஒரு நாள் மேல போனா என்ன குடியா முழுகிடும்?”

சிரிப்பு வெடித்தது. யாரோ பாட்டை எடுத்துவிட்டார்கள். ஆர்டெல்லாவின் வலது கை பேசத் தொடங்கியது. ஒரு விரல், கடைசி வரிசை எழுந்திரு. உள்ளங்கை, நில், நர்ஸுகளுக்கு முதலில் வழி விடு, வேலைக்குத் திரும்பணும். வாகன நிறுத்தமே சபையாகிவிட்டது. ஒவ்வொருவரும் தட்டைத் தாண்டும்போது அவளைப் பார்த்துக் கையைத் தூக்கி, “நாலு லட்சத்து இருபதாயிரம்!” என்று கூவிவிட்டுப் போனார்கள். அவள் பழைய தடத்துப் பஸ் வந்து சிக்னலில் நின்றது. ஓட்டுநர் ஜன்னலைத் திறந்து, “மிஸ் ஆர்டெல்லா, எனக்கு ரெண்டு!” என்று நோட்டுகளை நீட்டினான். பஸ்ஸுக்குள்ளிருந்து முன்பின் தெரியாத ஒரு பெண் இறங்கி வரிசையிலேயே நின்றுவிட்டாள்.

திடீரென்று மார்க்வீட்டா வேன் மேல் தட்டினாள். “போதும்! போதும்! நிறைஞ்சிடுச்சு!”

கைதட்டல் வரும் என்று அவள் எதிர்பார்த்தாள். வந்தது சண்டை.

“போதுமா? நாங்க எதுக்கு இங்க நிக்கிறோம், காத்து வாங்கவா?”

“என் பேரு எழுதாம அந்தப் பேனாவை மூடினே, நடக்கறதே வேற!”

“கடைக்கு ஃப்ரிட்ஜ் வேணாமா? கூரை ஒழுகுதே, யாரு அடைப்பா?”

ஆர்டெல்லா யாருடைய கதவை இரண்டு வருஷம் தட்டினாளோ அவர்களே இப்போது பங்கு தரவில்லை என்று மார்க்வீட்டாவை முற்றுகையிட்டிருந்தார்கள். அந்தக் கூட்டத்தில் எல்லாக் குரலுக்கும் மேலே ஒரு குரல், வரிசையின் கடைசியிலிருந்து.

“என்னை விட்டுட்டு மூடிடுவீங்களா? வண்டி ஓட்டினது யாரு? கேக் சுமந்தது யாரு? எனக்கு ஒண்ணு எழுது!”

ஆர்டெல்லா கூட்டத்தை விலக்கிக்கொண்டு போனாள். ஒடெல் கசங்கிய நூறு டாலர் நோட்டைப் பிடித்துக்கொண்டு நின்றான். கண் கலங்கியிருந்தது.

“என்னடா ஆச்சு உனக்கு?”

“அப்பா பதினோரு வருஷம் கட்டினாரு, ஆர்டி. ஒரு துண்டுக் காகிதம் கைக்கு வரல.” நோட்டை மார்க்வீட்டாவிடம் நீட்டினான். “எனக்குக் காகிதம் வேணும். பேரு தெளிவா எழுது. ஒடெல், அப்பா பேரு எஸ்ரா. அதையும் சேர்த்து எழுது.”

மார்க்வீட்டா எழுதினாள். கடைசி ஆள்வரை எல்லோருக்கும் எழுதிவிட்டு, பணத்தோடு காரில் பாய்ந்தாள். போகும் வழியில் கடன் சங்கம், பிறகு ஏலக் கூடம். கூட்டம் கலையவில்லை. ஐந்து மணி நெருங்க நெருங்கப் பாட்டும் மெல்லத் தேய்ந்து நின்றது. ஆர்டெல்லா பூட்டிய கதவின் முன்னால், இடது கையை முதுகில் வைத்தபடி காத்திருந்தாள். அவள் போன் அடித்தது. எல்லோருக்கும் கேட்கும்படி ஒலியைக் கூட்டினாள்.

“கையெழுத்து ஆச்சு!” என்று கத்தினாள் மார்க்வீட்டா, நிதானமெல்லாம் பறந்துபோய். “நம்மளது, மிஸ் ஆர்டெல்லா! நம்மளது!”

ஆர்டெல்லா போனை லுவீனியாவிடம் கொடுத்தாள். சுற்றும்முற்றும் பார்த்தாள். ஏலக்காரர் யாரும் இல்லை. பிறகு, இடது கையை முதுகிலிருந்து எடுத்தாள். இரண்டு கைகளும், வெள்ளைக் கையுறையோடு, உயர உயரப் போயின. கண்களை மூடிக்கொண்டு அப்படியே நின்றாள்.

“யாராவது அவ கையைப் பிடிங்கய்யா!” என்று அலறினான் ஒடெல். “பக்கத்துக் கட்டடத்தையும் வாங்கிடப் போறா!”

ஆர்டெல்லா ஒரு கண்ணை மட்டும் திறந்து, பக்கத்துக் கட்டடத்தைப் பார்த்தாள். அதுவும் காலியாகத்தான் கிடந்தது. அவள் கைகளை இறக்கவில்லை.